பூக்கடைக்காரரின் ஃப்ரிட்ஜில் வைத்த மருந்து

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அம்மாவின் முழங்காலையும் என் ரத்த அழுத்தத்தையும் பொருட்படுத்தாவிட்டால் அது பொய்யும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. மாடியில் ஒழுகிய குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. எதிர்வீட்டு வாத்தியார் கண் ஆபரேஷன் செய்துகொண்டார், இப்போது தெருமுனையில் வருகிறவர்களைக்கூட அடையாளம் கண்டு கூப்பிட்டு நிறுத்தி உயிரை வாங்குகிறார். வாஷிங் மெஷினை மாற்றியே ஆக வேண்டும் என்று அம்மா நிற்கிறாள், ரிப்பேர் செய்தே தீருவேன் என்று நான் நிற்கிறேன், அது எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீரைக் கக்கிக்கொண்டு நிற்கிறது. உன் ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் ஒரு சாண் இடம் விடு, தூசியைத் தட்டு. போன வாரம் உனக்கு மூன்று தடவை போன் செய்து இதே கதைகளைத்தான் சொன்னேன். மூன்றாவது தடவை நீயே கேட்டாய், என்னப்பா, ஏதாவது சொல்லணுமா என்று. ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்று இருக்கிறது. சொல்ல வாய் கூசுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நான்கு தாள் கிழித்துப் போட்ட பிறகு இது ஐந்தாவது.

நீ அம்மாவோடு பேசிய அன்று நான் வாஷிங் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் இருப்பது உனக்குத் தெரியாது. இங்கே செய்துகொண்ட சிகிச்சையின் ஃபைலைப் பார்த்துவிட்டு அங்கத்து டாக்டர், இவ்வளவு மருந்து கொடுத்தும் கருமுட்டை வளரவில்லை என்றால் இனி உன் முட்டையை நம்பிப் பயனில்லை, வேறொருவர் தானமாகக் கொடுப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். இருபத்திரண்டாம் தேதி அதற்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளை, எதுவானாலும் எனக்குச் சம்மதம், நீ அழாம இருந்தா போதும் என்றாராம், தங்கமான பிள்ளை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச காலம் மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. நீ கடைசியில், என் உடம்பு மருந்துக்கே மசியலம்மா, இது எதுக்கும் லாயக்கில்லாத உடம்பு என்றாய். கையிலிருந்த ஸ்பானர் நழுவி நெற்றியில் விழுந்தது. அந்த வீக்கம் இன்னும் இருக்கிறது.

சிட்டு, உன் உடம்புக்குள் போனது மருந்தே இல்லை. அதைக் கெடுத்தது நான்.

நீ இங்கே வந்து ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் நாள் பெரிய அத்தை வருவதாகப் போன் வந்தது உனக்கு நினைவிருக்கும். அத்தை வந்தால் முதலில் திறப்பது நம் வீட்டு ஃப்ரிட்ஜைத்தான். தம்பி வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவளுக்கு உரிமை. உள்ளே ஆஸ்பத்திரி முத்திரை போட்ட பெட்டியைப் பார்த்தால் என்ன இது, யாருக்கு, எதுக்கு என்று தொடங்கி, அவள் ஊர் திரும்பும் முன்பே நம் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரிந்துவிடும் என்று பயம். உன்னிடம் வந்து, அத்தை போற வரைக்கும் மருந்து நம்ம ரிப்பேர் கடையில இருக்கட்டும்மா, சாயந்திரம் அங்கே வந்து போட்டுக்கோ என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சரிப்பா என்றாய். அந்தச் சரிப்பாவை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. நான்கு சாயந்திரம் நீ காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது போலக் கிளம்பி வந்து, பழைய கம்ப்ரஸர்களுக்கும் கழற்றிப்போட்ட கதவுகளுக்கும் நடுவில், நான் கட்டிய அழுக்குத் திரைக்குப் பின்னால் நின்று வயிற்றில் ஊசி குத்திக்கொண்டாய். நான் வாசலில் யாரும் வராமல் காவல் நின்றேன். திருட்டுக்குக் காவல் நிற்பவன் மாதிரி. பெற்ற பெண் தாயாக ஆசைப்படுவதை ஒளித்துவைக்க வேண்டிய காரியமாக்கியவன் நான்தான். அத்தை ஒன்றும் செய்யவில்லை.

அன்று கடையில் ஓடிக்கொண்டிருந்தது ரிப்பேருக்கு வந்த பூக்கடைக்காரரின் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். குளிரை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றி, ஒரு நாள் ஓடவிட்டுக் குளிர் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக, தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்து விட்டிருந்தேன். ரிப்பேர் செய்த பெட்டியை ஒரு நாள் பார்க்காமல் நம்பக் கூடாது என்று நாற்பது வருஷமாக மற்ற மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், என் பெண்ணின் மருந்தை அதில் கொண்டுபோய் வைத்தேன். நான் கைவைத்த பெட்டிதானே என்ற திமிர். மறுநாள் காலையில் திறந்தால் தண்ணீர் பாட்டில் கல்லாகக் கிடந்தது. தெர்மோஸ்டாட்டின் குளிரை உணரும் மெல்லிய குழாயைக் கிளிப்பில் மாட்ட மறந்திருக்கிறேன், மெஷின் நிற்காமல் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. பக்கத்திலேயே உன் மருந்துப் பெட்டி. மருந்து அடைத்த ஊசிப் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. உறையவிடக் கூடாது என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. மருந்து வாங்கிவந்த அன்று அதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டி, குளிர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று பெருமை அடித்துக்கொண்டவனும் நான்தான்.

மேஜைமேல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் உருகிப் பழையபடி கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளிப்பை மாட்டினேன், பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். உன்னிடம் சொன்னால் ஏன் அங்கே வைத்தோம் என்ற பேச்சு வரும், ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் இத்தனை வருஷ மெக்கானிக்கின் லட்சணம் தெரிந்துவிடும். சாயந்திரம் நீ வந்து, மருந்து நல்லா இருக்காப்பா என்று கேட்டாய். என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. நான் வச்ச குளிர்ல எதும்மா கெட்டுப்போகும் என்றேன். நீ சிரித்தாய். அதன் பிறகு எட்டு நாள், அத்தை ஊருக்குப் போனதும் வீட்டிலுமாக, அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாய். டாக்டரம்மா அளவை ஏற்றினார், மறுபடி ஏற்றினார், ஸ்கேனில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் எடுத்த ஒரே ஒரு முட்டையும் கருவாக வளரவில்லை என்று தெரிந்த அன்று நீ என்னிடம் வந்து, மன்னிச்சிடுங்கப்பா, உங்களையும் சேர்த்து அலைய வச்சிட்டேன் என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்து, விடும்மா என்றேன். அந்த விடும்மாவை நினைத்தால் இந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் பெரிய மனுஷன் மாதிரி மன்னித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுற்றிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்க நான் மட்டும் தனிக்கிழவன். கூட யார் வந்திருக்காங்கய்யா என்று நர்ஸ் இரண்டு முறை கேட்டாள். டாக்டரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, அன்னைக்குக் காலையிலயே ஒரு போன் பண்ணியிருந்தா புது மருந்து குடுத்திருப்பேனே, ஏன் பண்ணல என்றார். அவரே தொடர்ந்து, உங்க பொண்ணு சொல்லாம அவங்க ஃபைலைப் பத்தி உங்ககிட்டப் பேச மாட்டேன், மருந்தைப் பத்தி மட்டும் சொல்றேன், உறைஞ்சு உருகின மருந்து எவ்வளவு வேலை செஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை வச்சு எந்த உடம்பையும் எடை போடக் கூடாது என்றார். அடுத்த முறை நிச்சயம் பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன், ஆசை காட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அங்கத்து டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உன்னிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை.

அத்தைக்கும் தெரிந்துவிட்டது. குரல் ஏன் இப்படி இருக்கு என்று போனில் குடைந்தாள், கொட்டிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, நான் கேப்பேன்னுதானே ஒளிச்சீங்க, கேட்டிருப்பேன்தான், கேட்டா பதில் சொல்லாம இருந்திருக்கலாமே என்றாள். எவ்வளவு சுலபமான வழி, அது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் மருந்து உறைந்த விஷயத்தை இன்று காலையில்தான் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கழுவிவைத்த பாத்திரங்களையே எடுத்துத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

தானமாகக் கிடைத்தாலும் சரி, உன் சொந்தமானாலும் சரி, இந்த வீட்டுக்கு வருகிற குழந்தை குழந்தைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இனி எதுவும் வேண்டாம், நாங்கள் இரண்டு பேராகவே இருந்துகொள்கிறோம் என்று நீங்கள் சொன்னாலும் சரி. முடிவு உன்னுடையது, மாப்பிள்ளையுடையது. ஆனால் உன் உடம்பு லாயக்கில்லாதது என்று நம்பி முடிவெடுக்காதே. அது ஊசி போட்டபோதெல்லாம் கேட்டதைச் செய்யத் தயாராகத்தான் இருந்தது, நான்தான் அதற்கு வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். என்மேல் கோபம் வந்தால் அடக்கிவைக்காதே, போனில் கத்து. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, அதற்காக நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல், என்னால் இன்னொரு தடவை எழுத முடியாது. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் மனநிம்மதியோடும் இருக்க வேண்டும், ஆசீர்வாதம். ஒட்டிய உறையை இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னாலேயே டாக்டரிடம் கொடுத்துவிடு, கையெழுத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து எழுத முடியாத
அப்பா

சிட்டு, கவரை ஒட்டும் முன் அப்பா இதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். எல்லாம் உண்மை, ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை. அத்தை வருகிறாள் என்றதும், அந்தப் பெட்டியை என் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு மானம் போகும் என்று அப்பாவை நச்சரித்து அனுப்பியது நான்தான். வேண்டாம், பிள்ளை மனசு புண்படும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். திட்டுவதாக இருந்தால் என்னை முதலில் திட்டு.
அம்மா