பூசுவதற்கு மூன்று, எடுப்பதற்கு மூன்று

18 ஜனவரி 1995, புதன்

பனி. ஒன்பது மணி வரை மலையே தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து பார்லர் திறந்தேன். கண்ணாடி துடைக்க வேண்டும். பஞ்சு தீர்ந்துவிட்டது. புருவம் எடுக்க நூல் இரண்டு உருண்டை.

சென்னையிலிருந்து தம்பி மனைவி அனுப்பிய பார்சல் வந்தது. மூன்று கலர் லிப் பாம். லிப்ஸ்டிக் மாதிரி அடர்த்தி இல்லை. வெடிப்புக்கும் ஆகும், லேசாக நிறமும் தரும். ராஜபாளையத்தில் லிப்ஸ்டிக் என்றாலே பாதிப் பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இதைப் பழக்கலாம் என்று எண்ணம்.

பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும். அம்மா சண்முகத்தாய். மகள் முத்துச்செல்வி, இருபத்து நான்கு வயது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். கீழுதட்டின் வலது ஓரம் வெள்ளை. துவரம்பருப்பு அளவு, உதட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழேயும் இறங்கியிருக்கிறது. வெண்புள்ளி. மூன்று வருடமாக இருக்கிறதாம். தொட்டால் ஒட்டாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இருவத்தொம்பதாம் தேதி தேவதானத்துலருந்து பொண்ணு பாக்க வாராக. அன்னைக்கு இது தெரியக் கூடாது. காபி குடிச்சாலும் போகக் கூடாது, வேத்தாலும் போகக் கூடாது," என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்குப் பொறவு?" என்று கேட்டேன்.

"அது பொறவு."

எதிரே இவ்வளவு பெரிய கண்ணாடி, அதைப் பார்க்காமல் மகள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒத்துக்கொண்டேன். இந்த மாதிரி வேலைதான் பேர் வாங்கித் தரும்.

19 வியாழன்

குளிர் குறையவில்லை. மூன்று லிப் பாமையும் என் உதட்டிலேயே போட்டுப் பார்த்தேன். காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று.

— வட்ட டப்பா: செர்ரி வாசனை. வழுவழுப்பு நல்லது. நிறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு வாய் காபியில் பாதி டம்ளருக்குப் போய்விட்டது.

— குச்சி: ரோஸ். இட்லி தின்றும் நின்றது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் உதடு இழுக்கிறது.

— சின்னக் குப்பி: நாவல்பழ நிறம். விரலால் தொட்டுப் போட வேண்டும். நன்றாக ஒட்டுகிறது. அதிகம் போனால் ரத்தம் கட்டிய மாதிரி.

இவர் மில்லில் இருந்து வந்ததும் (என் வீட்டுக்காரருக்குப் பஞ்சுத் தூசியில் எப்போதும் உதடு வெடிப்புதான்) வட்ட டப்பாவை எடுத்து, மருந்து என்று நினைத்துத் தாராளமாகப் பூசிக்கொண்டார். கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்த பிறகுதான் அந்தப் பளபளப்பை நான் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். "நல்லா இருக்கீகளான்னு கேட்டாரு. எப்பவும் கேக்க மாட்டாரு," என்றார். சிரித்து வயிறு வலி.

21 சனி

முத்துச்செல்வி தனியாக வந்தாள், வெள்ளோட்டம் பார்க்க. லிப் பாம் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டும். வெள்ளையின் மேல் போட்டால் அந்த இடம் மட்டும் கூடுதல் ரோஸாகத் தெரிகிறது. முதலில் குப்பி, மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றி, அதன் மேல் குச்சி. நான்காவது தடவையில் சரியாக வந்தது. எனக்கே எந்தப் பக்கம் என்று ஒரு கணம் தெரியவில்லை.

கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இதுல எது சீக்கிரம் போகும்?"

"எது நிக்கும்னுதானே உங்க அம்மா கேட்டாக."

"அம்மா கேட்டாக. நான் இத கேக்கேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் மூன்று தடவை பேசிவிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் அம்மா அன்று சாப்பிடாமல் படுத்துவிடுகிறாளாம். அப்பா இல்லாத வீடு. "நான் சொன்னா எங்கம்மா செத்துருவாக. சொல்லலேன்னா நான்..." அவ்வளவுதான்.

துடைக்கத் தேங்காய் எண்ணெய் எடுத்தேன். பாட்டிலில் உறைந்து கிடந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இளக்கும் வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

22 ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் ஒட்டவில்லை. கூமாப்பட்டிக் கலா ஞாபகம்.

மூன்று வருடம் முன்பு கலாவுக்கு நான்தான் கல்யாண மேக்கப். கன்னத்தில் பிறவி மச்சம், உள்ளங்கை அகலம். அப்படியே மறைத்தேன். மண்டபத்தில் எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பார்லருக்கு ஆள் வர ஆரம்பித்தது. போன வருடம் பஸ் ஸ்டாண்டில் கலாவைப் பார்த்தேன். முகத்தில் அதே மேக்கப், காலை பத்து மணிக்கு. அவள் வீட்டுக்காரருக்கு ஒரு வருடம் தெரியாதாம். விடியும் முன்பே எழுந்து, அவர் கண் விழிப்பதற்குள் போட்டுவிடுவாளாம். ஒரு காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. அன்று தெரிந்துபோனது. அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. "இன்னும் என்னெல்லாம் மறைச்சிருக்க?" என்று மட்டும் கேட்டாராம். இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதற்கே கை கூசுகிறது.

25 புதன்

இன்று பனி இல்லை, வெயில். நாளை லீவு என்பதால் கூட்டம். நான்கு புருவம், ஒரு ஃபேஷியல், ஒரு குட்டிப் பெண்ணுக்கு முடி வெட்டு (அழுகை).

மதியம் ஓய்ந்ததும் எடுப்பதைச் சோதித்துப் பார்த்தேன். அதே இரண்டு பூச்சு, பவுடரோடு, என் உதட்டில்.

— க்ளென்சிங் மில்க்: கன்னத்துக்கு ராஜா. உதட்டில் எரிச்சல். ஐந்து பஞ்சு. ஓரத்தில் ரோஸ் கோடு தங்கிவிட்டது.

— கோல்டு கிரீம்: எரியவில்லை. ஊறவைத்து எடுக்க வேண்டும். நான்கு பஞ்சு. பிறகு சோப்பு போட்டால்தான் பிசுக்கு போகும்.

— தே. எண்ணெய்: இரண்டு பஞ்சு. மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. வாசனை மட்டும் சமையல்கட்டு வாசனை.

கடைச் சரக்கு இரண்டும் தோற்றன. இதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆக வேண்டும்? நிற்கிற மாதிரி பூசத்தானே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அம்மா. உதடு மகளுடையது.

இவரிடம் கேட்டேன். "நீ எதுக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல போற," என்றார். செத்த நேரம் கழித்து, "ஆனா எண்ணெய எடுத்துட்டுப் போ," என்றார்.

29 ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஏழரை பஸ். எட்டே காலுக்கு ஸ்ரீவி. வீடு மாட வீதிக்குப் பின்னால், இரண்டு அறை. கேசரி வாசனை. சண்முகத்தாய் புதுச் சேலையில், முகம் வெளிறி. நேற்று இரவு தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

பூசினேன். குப்பி, பவுடர், குச்சி. அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, "தாயி, நீங்க நல்லா இருக்கணும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் கனக்கிறது.

பத்தரைக்கு வேன். அம்மா வாசலுக்கு ஓடினாள். உள் அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"அக்கா, எண்ணெய் கொண்டாந்தீகளா?"

"நல்லா யோசிச்சியா?"

"மூணு வருசமா யோசிக்கேன்."

எண்ணெயை இளக்கிப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். அவளே துடைத்தாள். அவசரத்தில் ஓரம் தங்கிவிட்டது. அந்த மீதியை நான் எடுத்தேன். அதனால் இதில் பாதி என்னைச் சேர்ந்தது. அவளே செய்தாள் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அம்மா கூப்பிட வந்தாள். பார்த்தாள். "ஏட்டி," என்றாள். அதற்குள் ஹாலில் ஒரு ஆண் குரல்: "பொண்ண வரச் சொல்லுங்க."

காபித் தட்டோடு போனாள். நான் கதவோரம் நின்றேன். மாப்பிள்ளை கட்டம் போட்ட சட்டை, ஒடிசல். அவருடைய அம்மாதான் முதலில் பார்த்தது.

"ஒதட்டுல என்னம்மா, சுட்டுக்கிட்டியா?"

"இல்ல, அத்தை. வெண்புள்ளி. மூணு வருசமா இருக்கு. பரவலாம், பரவாமலும் இருக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு."

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை தலையைத் தூக்கி, "வலிக்குமா?" என்றார்.

"வலிக்காது. வெயில்ல மட்டும் எரியும்."

அவர் தலையசைத்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேசரியைச் சாப்பிட்டு முடித்தார்கள், மரியாதையாகவே. "தாக்கல் சொல்லி விடுதோம்," என்று எழுந்தார்கள்.

வேன் போன பிறகு சண்முகத்தாய் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "ஒங்கள நம்பித்தான கூட்டியாந்தேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

2 பிப்ரவரி, வியாழன்

தகவல் இல்லை. ஸ்ரீவி.யிலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு நிச்சயதார்த்தப் பெண் வரவில்லை. அங்கே என்ன பேச்சோ. தலைவலி. மருதாணி அரைத்து வைத்தது காய்ந்துவிட்டது.

அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால் போதும், நான் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடும். இதைச் சொன்னதும் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அவிய வேண்டாம்னு சொன்னா தப்புன்னு ஆயிருமா?"

சாப்பாடு ஆறும் வரை யோசித்தேன். அவளைச் சொல்லவிட்டது சரி. அவள் அம்மாவிடம், நான் இதற்கு உடந்தையாக இருப்பேன் என்று முன்பே சொல்லாதது தப்பு. இரண்டும் ஒரே நாளில் ஒரே கையால் செய்தவை. மறைப்பது தப்பென்று நினைத்து, நானும் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

6 திங்கள்

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஆள் யாரும் இல்லை. வாசலில் சண்முகத்தாய், தனியாக. எழுந்து நின்றேன். அவள் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

"வேண்டாம்னுட்டாக," என்றாள். "ஜாதகம் சேரலயாம். போன மாசம் சேந்துச்சு."

நான் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்களிடம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்று. அவள் கையை அசைத்தாள், ஈ ஓட்டுவது போல.

"செல்வி அழுதாளா?"

"ஒரு நா அழுதா. மறுநா வேலைக்குப் போய்ட்டா. டைப் படிக்க வார புள்ளைக ஒதட்டுல என்னக்கான்னு கேக்குமாம். சொல்லுதாளாம். சொல்லிட்டு, விரல சரியா வையின்னு திட்டுதாளாம்." கொஞ்சம் சிரித்தாள். உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாந்தான் அம்புட்டு பயந்தேன். எனக்கு இருந்த பயத்த அவ மூஞ்சில பூசிட்டேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரத்திலிருந்து வருகிறார்கள். சொந்தமாக நிலம், பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை.

"தரகர்ட்ட மொதல்லயே சொல்லிட்டேன், ஒதட்டுல இந்த மாதிரின்னு. அவரு சொல்லுவாரோ மாட்டாரோன்னு, நானே பஸ் ஏறிப் போயி அந்த அம்மாட்டயும் சொல்லிட்டு வந்தேன். தெரிஞ்சுதான் வாராக."

அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்களும் வரணும்," என்றாள்.

"எது பூசணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வாங்க. போன தடவ அவுக பாத்துட்டுப் போன பொறவு வீட்டுல எம்பக்கத்துல ஒக்கார ஆளில்ல."

கரண்ட் வந்தது. அவள் போய்விட்டாள். பன்னிரண்டாம் தேதி. அன்று சர்ச்சில் விடியற்காலை முதல் பூசைக்கே போய்விட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.