பீங்கான் கட்டை

மார்கழி 9, செவ்வாய்

விறகுப் புகை என் வீட்டுக்காரருக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொன்னதால், இன்று கூடத்தில் குளிர்காயும் விறகுக் கணப்பை எடுத்துவிட்டு கேஸ் கணப்பு பொருத்தியாயிற்று.

சேலத்திலிருந்து மலையேறி வந்த ஃபிட்டர், "தீக்குள்ள அழகுக்குக் கூழாங்கல்லு வைக்கறதுங்களா, பீங்கான் கட்டை வைக்கறதுங்களா?" என்றார். கட்டை என்றேன். நாங்கள் எரித்துவந்த காப்பிச்செடிக் கட்டை மாதிரியே இருந்தது.

சாயங்காலம் பனி ஜன்னலை மூடிக்கொண்டது. தீ நீலமாக எழுந்து மஞ்சளாக, அதன் வெளிச்சம் சுவரெல்லாம் மிதந்தது. வெகுநேரம் பார்த்திருந்த என் வீட்டுக்காரர், எழுந்துபோய் ஒரு விறகோடு வந்தார்.

"ஏனுங்க, இதுல போடக் கூடாதுங்க!"

"தெரியும் புள்ள. வெளிய ஈரத்துல கெடக்குது. காயட்டும்."

பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தார். தினமும் ராத்திரியெல்லாம் கேட்கும் இருமல் சத்தமே இல்லை. இரண்டு தரம் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். மூச்சு இளஞ்சூடாக வருகிறது.

இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன்.