பந்தல்காரி ஜெயித்துவிட்டாள்

அக்கா, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் உன் படத்துக்கு எதிரே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இப்ப இன்னா சொல்ற? வாயத் தொறந்து பேசு!" என்று கத்திவிட்டேன். வாசலில் உன் சம்பந்தியம்மா பழத்தட்டோடு நின்றது எனக்குத் தெரியாது. தட்டைப் படியில் வைத்துவிட்டு, செருப்பைக் காலில் மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செத்துப்போனவளிடம் சண்டைக்கு நிற்கிற பொம்பளை என்று இந்நேரம் சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் என் பேர் போயிருக்கும்.

எல்லாம் உன் வீட்டு ரிமோட்டால் வந்தது. முட்டிக்குத் தைலம் தேய்த்த கையோடு நீ அதை அழுத்தி அழுத்தி, பட்டனுக்குள்ளேயே வாசனை இறங்கிவிட்டது. உன் மருமகள் எத்தனை தரம் துடைத்தும் போகவில்லை. நேற்று அதைக் கையில் எடுத்ததும், "சீக்கிரம் போடுடி, ஓட ஆரம்பிச்சுடப் போறாளுங்க" என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து விரட்டுகிற மாதிரியே இருந்தது. போட்டேன். பெண்கள், பத்தாயிரம் மீட்டர். நீ போன பிறகு வருகிற முதல் பெரிய போட்டி. கோட்டில் உன் பந்தல்காரி நின்றுகொண்டிருந்தாள். வயதாகிவிட்டது அவளுக்கும்.

நாம் ஓட்டம் பார்க்க ஆரம்பித்ததே தற்செயல்தானே. உன் முன்கூடத்தில் ஆறேழு பேர் உட்கார்ந்து பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுவோம். முந்தானை ஓரத்தில் நெய்யாமல் விட்ட நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போடுகிற வேலை. அதற்கு விரல் போதும், கண்ணுக்கு சீரியல் வேண்டும். ஒரு நாள் ரிமோட்டில் பாதி பட்டன் செத்து, டிவி விளையாட்டுச் சேனலிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் எந்த வீட்டில் சீரியல் அழுகைச் சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டைத் தேடிப் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேரும் சோம்பேறிகள், எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு முன்னால் ஒருத்தி தனியாக ஓடினாள். பின்னால் ஒரு கூட்டமே அவளைத் துரத்தியது. பாவம் என்று இரண்டு பேரும் அவளுக்காகக் கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துபோனோம். கடைசியில் பின்னால் வந்தவள் ஜெயித்தாள், எல்லோரும் நின்றுவிட்டார்கள், நம் ஆள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று பின்தங்கிப் போனவளும் முன்னால் ஓடுகிற மாதிரிதான் தெரிவாள் என்று நமக்குப் புரியச் சில நாள் ஆனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அதுக்காக, அவ ஓடனது பொய்யா?" என்றாய்.

அங்கே பிடித்தது நம் சண்டை. உனக்கு எப்போதும் முதல் சுற்றிலிருந்தே முன்னால் போய், எதிர்காற்றை எல்லாம் தன் நெஞ்சில் வாங்கி, கடைசிச் சுற்றில் பின்னால் வந்தவர்களிடம் கோட்டை விடுகிறவள்தான் பிடிக்கும். பல் இடுக்கோடு, மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு வருவாளே, அவள். ஊருக்கெல்லாம் பந்தல் போட்டுவிட்டுத் தான் வெயிலில் நிற்கிறவள் என்று நான்தான் பந்தல்காரி என்று பேர் வைத்தேன். என் ஆள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் பிய்த்துக்கொண்டு போவாள். அவளுக்கு நீ வைத்த பேர் நிழல்காரி.

"கருட சேவைக்கு முன்னாடி தீவட்டி புடிச்சுக்கினு ஓடறான் பாரு, அந்த மாதிரி உங்காளு. அவன யாருனா கும்புடறாங்களா?" என்று உன்னைச் சீண்டினேன் ஒரு முறை.

"தீவட்டி இல்லன்னா சாமி மூஞ்சி உனக்கு எப்பிடிடி தெரியும்?" என்றாய்.

டிவியில் ஓடுகிற கடிகாரம் நமக்கு எதற்கு? நம் கணக்கு முடிச்சுக் கணக்கு. அவர்கள் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் நாம் ஏழு முடிச்சு போடுவோம். ஆறிலேயே வந்துவிட்டால் வேகம், எட்டு ஆனால் ஊர்வலம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஏழு" என்று சொல்லும்போது உனக்கு ஒரு பெருமை வரும் பார், ஏதோ நீயே ஓடி முடித்த மாதிரி.

போன வருஷம் ஒரு நாள் நீ சொன்னாய்: "இப்ப வர்ற பொண்ணுங்க எல்லாம் பறக்குதுங்கடி. அஞ்சு முடிச்சுலயே வந்துடறாளுங்க. பழைய ஆளுங்க இவளுங்க கால் தூசிக்கு வரமாட்டாங்க."

நான் என் கையைப் பார்த்தேன். ஏழுதான். பிறகு உன் கையைப் பார்த்தேன். நூலைப் பிரிப்பதற்கே விரல் தடுமாறிக்கொண்டிருந்தது. பறந்தது அவர்கள் கால் இல்லை அக்கா. "ஆமாக்கா, பறக்கத்தான் செய்யறாங்க" என்றேன்.

நீ கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். "ஏன், எதிர்த்துப் பேச மாட்டியா? இத்தினி வருஷத்துல ஒரு நாளு ஆமான்னு சொல்லியிருக்கியா நீ? எனக்கு இன்னாடி ஆயிடுச்சு?" என்று கேட்டாய். நான் அவசர அவசரமாக, "பறந்தாலும் உங்க பந்தல்காரி தோத்துத்தான் போவா" என்றேன். அப்போதுதான் உன் முகம் சரியானது. "அவ ஒரு நாளு ஜெயிப்பா. அன்னிக்கு இதே எடத்துல நீ அவ பேர எடுத்து வாழ்கன்னு சொல்லணும்" என்றாய். சொல்கிறேன் என்றேன். அந்த நாள் வரப்போவதில்லை என்ற தைரியம்தான்.

நேற்று ஜெயித்துவிட்டாள்.

ஆனால் எப்படி ஜெயித்தாள் தெரியுமா? யாரும் முன்னால் போக விரும்பவில்லை. உன் ஆளும் போகவில்லை! பின்னால் பதுங்கிக்கொண்டு வந்தாள். வேறு வழியில்லாமல் என் நிழல்காரி முன்னால் மாட்டிக்கொண்டு காற்று வாங்கினாள். மணி அடித்தது. பந்தல்காரி வெளிப்பக்கமாக வந்தாள், பல் இடுக்கு தெரிய வாயைத் திறந்துகொண்டு, ஒரே ஓட்டம். என் ஆள் நாலாவது. அதாவது என் வழியில் ஓடி உன் ஆள் ஜெயித்தாள், உன் வழியில் ஓடி என் ஆள் தோற்றாள். இதில் ஜெயித்தது நீயா நானா? இதைக் கேட்கத்தான் உன் படத்துக்கு எதிரே போய் நின்றேன்.

உன் மருமகள் உன் இடத்தில் உட்கார்ந்து, போனில் சீரியல் பார்த்துக்கொண்டே கட்டுகிறாள். என் கூச்சலைக் கேட்டுவிட்டு, உலகம் முழுக்க ஓட்டம் பார்க்கிறவர்கள் போனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தேடிப் படித்துச் சொன்னாள். "மெதுவான ஓட்டமாம் சின்னத்தே. வேகமா போயிருந்தா இவ ஜெயிச்சிருக்கவே மாட்டாளாம். அதிர்ஷ்டம்னு போட்டிருக்காங்க."

"எவன்டி அவன்? இத்தினி வருஷமா முன்னாடி ஓடுனா, அறிவில்லன்னானுங்க. இப்ப அறிவா ஓடுனா வேகமில்லயாமா?"

"நீங்கதானே சின்னத்தே எட்டு முடிச்சு, எட்டு முடிச்சுன்னு கத்திக்கினு இருந்தீங்க?"

எட்டுதான் வந்தது, நானேதான் எண்ணினேன். ஆனால் அக்கா, அவர்கள் மெதுவாக ஓடினார்களா, இல்லை படபடப்பில் என் கைதான் வேகமாகப் போனதா? பக்கத்தில் உன் கை ஓடிக்கொண்டிருந்தால் ஒத்துப் பார்த்திருப்பேன். உன் கை தடுமாறினால்கூட, இவ்வளவு கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்னத்தை நிரூபிப்பது? மருமகளிடம் சண்டை போட்டால் இரண்டாவது பேச்சிலேயே, "சரி விடுங்க சின்னத்தே, நீங்க சொல்றதே சரி" என்கிறாள். அதைக் கேட்டால் எனக்குத் திக்கென்கிறது.

அதனால் இப்போது இரண்டு பக்கமும் நானே பேசிக்கொள்கிறேன். முடிச்சு போடும்போது உன் குரல் வருகிறது, முறுக்கும்போது என் குரல். வாழ்க என்றும் சொல்லிவிட்டேன், படத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நேற்றிலிருந்து உன் பக்கம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். தீவட்டிக்காரன் ஒரு நாள் தீவட்டியைக் கீழே வைத்தால், அத்தனை வருஷம் அவன் வெளிச்சத்தில் நடந்தவர்கள் அவனைக் குறை சொல்லலாமா? நீ சொல்லியிருப்பாய் இதை, இதைவிட நன்றாக.

மனசு கேட்காமல் அந்தப் போன்காரர்களுக்கு என் குரலிலேயே ஒரு பதில் அனுப்பச் சொன்னேன். மருமகள் போனைப் பிடித்துக்கொண்டாள், நான் பேசினேன்: "ஓடனவளுக்குத்தான் தெரியும் வலி. நோவாம உக்காந்துக்கினு கொற சொல்றவன் எவனா இருந்தாலும் என் எதிர்ல வரட்டும், வாயில பல்லு இருக்காது." அவள் அனுப்பினாள். அது புடவைக் கடை முதலாளி நமக்கு வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அதில் அவர் கொஞ்சம் முன்னால்தான் ஒரு முந்தானையைப் படம் பிடித்துப் போட்டு, முடிச்சு ஒன்று போல் இல்லையே, யார் கட்டியது என்று கேட்டிருந்தார். சற்று நேரத்தில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்தே அழித்துவிட்டார். காலையில் பதில் வந்திருந்தது: "வெளிச்சத்துல பாத்தேம்மா. முடிச்சு எல்லாம் நல்லாத்தான் இருக்குது."