ஒரே பானையில் வேகாத அரிசி

என் அருமை எஸ்தரக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். இவரைப் புரட்டிப் போட்டு, உடம்பைத் துடைத்து, கஞ்சி புகட்டி, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தால் பேனாவைப் பிடிக்கக் கையில் தெம்பு இருப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை வேறு. ஆனாலும் சபைப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று போதகர் சொன்னபோது, "நான்தான் எழுதுவேன் ஐயா" என்று முந்திக்கொண்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியாதா? உங்களைப் பற்றி வேறொருத்தி எழுதி, அதை நான் படிப்பதா?

இவர் அப்படியேதான் இருக்கிறார். வாதத்தில் விழுந்த வலது பக்கம் இன்னும் வரவில்லை. பேச்சும் இல்லை. ரயில் ஊதினால் மட்டும் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. இஞ்சினில் கரி அள்ளிப் போட்ட மனிதர் அல்லவா, போவது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. எனக்கு முதுகு போய்விட்டது. கிள்ளானிலிருந்து மகள் வந்தால், "அம்மா, நீங்களும் படுத்துடாதீங்க" என்கிறாள். படுக்க இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தாள், பிறகு அழுதாள். பேத்தி நன்றாக இருக்கிறாள். வேத வசனப் போட்டியில் முதலாவதாக வந்தாள், அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று நான் கல்லறைக்கு வரவில்லை. வர முடியாது என்று சபைக்கே தெரியும். அதனால் அவர்களாகவே எங்கள் சந்துக்குள் திரும்பி, வாசலுக்கு நேரே பெட்டியை இறக்கி வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் இவரைக் குளிப்பாட்ட வருகிற அந்த நாலு பேரும் உள்ளே வந்து, இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் உங்கள் பக்கத்தில் வைத்தார்கள். இவர் இடது கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தார். போதகர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திவிட்டு நான் அடுப்பை மூட்டப் போனேன். கஞ்சி நேரம்.

அக்கா, அந்த அரிசியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்பது நம் சபைப் பெண்கள் எல்லோருக்கும் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பையில் கொட்டுவோம். அது நோயாளி வீட்டுக்கும் ஆதரவில்லாத வீட்டுக்கும் போகும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் நானும் போட்டேன். என் பிடி மற்றவர்கள் பிடியைவிடப் பெரியது என்று எனக்குள் ஒரு எண்ணமும் இருந்தது.

இவர் விழுந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இந்தச் சந்து வீட்டுக்கு வந்தோம். அந்தப் பையோடு நீங்கள் என் வாசலுக்கு வந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள்.

"இது யாருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"தாகமா இருக்கு, முதல்ல தண்ணி குடு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நான் போட்ட அரிசியை நானே வாங்கித் தின்னவா?"

"ஏன், நீ போட்ட அரிசி அவ்வளவு மட்டமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? நீங்கள் பையை என் கையில் கொடுக்கவேயில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீன்காரன் விலை ஏற்றிவிட்ட கதையைப் பேசிக்கொண்டே வெளியே வந்தீர்கள். அத்தனை வருஷமும் அப்படித்தான். ஒருநாள்கூட நான் கை நீட்டி வாங்கும்படி நீங்கள் வைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடியது. பிடி அரிசி என்றால் கலப்பாகத்தானே இருக்கும்? ஒரு வீட்டில் சியாம் பச்சரிசி, ஒரு வீட்டில் ரங்கூன் புழுங்கல், ஒரு வீட்டில் நொய். எனக்கு வந்ததோ எப்போதும் ஒரே புழுங்கல். கேட்டேன். "எல்லாரும் ரயில்வேக்காரங்க, எல்லாரும் ஒரே சீனத் தவுக்கே கடையிலதானே வாங்குறோம், அப்புறம் அரிசி மட்டும் எப்படி வேறயா இருக்கும்?" என்றீர்கள். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புழுங்கலைக் குழைய வேகவைத்து, கடைந்து, கரண்டி கரண்டியாக இவருக்குப் புகட்டினேன். இவர் தொண்டை பாதிதான் வேலை செய்கிறது. பருக்கை ஒன்று நின்றாலும் புரையேறிவிடும். உங்கள் அரிசியில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

உங்களுக்குப் பிறகு அந்தப் பையை உங்கள் மருமகள் குளோரி கொண்டுவர ஆரம்பித்தாள். முதல் நாள் பையைப் பிரித்தேன், மூன்று நிறத்தில் அரிசி. நீங்கள் இல்லாத துக்கத்தில் அதைப் பெரிதாக நினைக்காமல் உலையில் போட்டேன். பச்சரிசி கரைந்து பசையாகிவிட்டது, புழுங்கல் மணல் மாதிரி நின்றது. கடைந்தும் மசியவில்லை. இரண்டாவது கரண்டியிலேயே இவருக்குப் புரையேறி, முகம் கறுத்து, கண் மேலே செருகிவிட்டது. தோளைத் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டினேன், தட்டினேன். அன்றைக்கே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மூச்சு திரும்பியது. அதற்குப் பிறகு கரண்டியைக் கண்டாலே இவர் வாயை மூடிக்கொண்டார்.

வெறும் வடித்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போயிற்று. முறத்தில் கொட்டிப் பொறுக்கிப் பார்த்தேன், என் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் குளோரி வந்தாள்.

"ஏம்மா, இந்தத் தடவையும் அரிசி கலந்திருக்கே?" என்றேன்.

"பிடி அரிசின்னா கலந்துதானே சின்னத்தை இருக்கும்?"

"உங்க அத்தை கொண்டாந்தப்ப அப்படி இருந்ததில்லையே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத் தெரியாதா? அத்தை எங்க வீட்டு அரிசியைத்தானே உங்களுக்கு அளந்து போடுவாங்க. இந்தக் கலப்பெல்லாம் எங்க பானைக்குத்தான் வரும். பாதி கூழு, பாதி கல்லு. அவங்க மகன் தட்டைத் தள்ளிட்டு எழுந்துபோவாரு. 'பல்லு இருக்கிறவங்க மெல்லட்டும்டா'ம்பாங்க. நானும் எத்தனை நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கேன் தெரியுமா?"

பையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன், அக்கா. உங்களுக்குக் கடைசியில் எத்தனை பல் இருந்தது? நீங்களும் அதைத்தானே சாப்பிட்டீர்கள்?

குளோரி நல்ல பெண். தயங்கித் தயங்கி, "நானும் மாத்திக் குடுக்கட்டுமா சின்னத்தை?" என்று கேட்டாள். அவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. உங்கள் மகனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள். வேலை போனவர்கள் எத்தனையோ பேர் ஊருக்கே கப்பலேறிவிட்டார்கள். "வேணாம்மா. உங்க அத்தை மென்னது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, கட்டிலில் இவர் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார். இனி நான்தான் கேட்க வேண்டும். கொடுத்த கை இது, கேட்டுப் பழகாத வாய்.

கோயிலுக்கு இவரால் வர முடியாது என்று புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தை எங்கள் வீட்டில்தானே வைக்கிறார்கள்? அந்தப் புதன்கிழமை, கர்த்தர் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தது. இத்தனை வருஷமும் அந்த நேரத்தில் நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. எழுந்து நின்று, நீங்கள் செய்ததை அப்படியே சொன்னேன். பிறகு, "இந்த மனுஷனுக்கு ஒரே மாதிரி அரிசி வேணும். கேட்க வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் கேட்கிறேன்" என்றேன்.

குளோரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை குளிப்பாட்ட வருகிறவர்களில் மூத்தவர் டேனியலண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பொம்பளைங்க இத்தனை பேரு இருக்கீங்க. பச்சரிசிக்கு ஒண்ணு, புழுங்கலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பை தைக்க ஒருத்திக்கும் தோணலையா?"

"உங்களுக்குத் தோணிச்சா அண்ணே? இவங்க சொன்ன பிறகுதானே வாயைத் திறக்கிறீங்க!" என்றாள் குளோரி, மூடிய முகத்தோடே.

"சரி சரி, ஒரு மாவுச் சாக்கு போதும் லா. நானே கொண்டாறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவுதானா அக்கா? இத்தனை வருஷம் நீங்கள் வயிற்றுக்குள் வைத்திருந்தது இரண்டு பையில் தீருகிற காரியம்தானா? என் வீட்டு நிலைமை வெளியே தெரியக் கூடாது என்றுதானே வாயே திறக்காமல் இருந்தீர்கள்? என் மானத்தை நீங்கள் மென்று விழுங்கியிருக்கிறீர்கள்.

இப்போது கோயில் வாசலில் இரண்டு பை தொங்குகிறது. புழுங்கல் எங்களுக்கு வருகிறது. முதல் வாரம் கரண்டியை நீட்டினேன், இவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் உங்கள் பெயரைச் சொல்லி நீட்டினேன். கொஞ்சம் திறந்தார். இப்போது ஒரு கிண்ணம் இறங்குகிறது.

அதனால் என் அசதி தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றி சொன்னால் முதுகு நிமிர்ந்துவிடுமா? நாளைக்கும் இவரைப் புரட்ட வேண்டும், துணி அலச வேண்டும். எத்தனை நாள் என்று தெரியவில்லை. சில நாள் ஜெபம் செய்யக்கூட வார்த்தை வருவதில்லை. உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடுகிறேன். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் உங்களைத் தெரியும்.

பை இரண்டானாலும் கவனமில்லாமல் மாற்றிக் கொட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிக் கலந்துபோன அரிசியை யார் தலையிலும் கட்ட விடமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அது என்னிடம் வரட்டும் என்று குளோரியிடம் சொல்லிவிட்டேன். எங்களுக்கு வருகிற புழுங்கலில் ஒரு பிடி எடுத்து என் சட்டியில் போட்டுவிட்டு, கலந்ததைத் தனியாக வேகவைத்து நானே சாப்பிடுகிறேன். மேலே நாலு, கீழே ஐந்து. எனக்கு இன்னும் பல் இருக்கிறது, அக்கா.

உங்கள் பானைச் சோற்றைத் தெரியாமல் உண்ட தங்கை,
ஞானம்மாள்
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்