அரைப்பேர் போடாத சந்தை

இன்று மத்தியானம் உன் போன் ஒலித்தது.

அழைப்பல்ல. யூரோவின் விலை ஓரிடத்தைத் தொட்டால் சொல்லும்படி நீ செயலியில் வைத்திருந்த அறிவிப்பு. விலை இன்றுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. சந்தைக்கு அது தெரியாது.

உன் அம்மா இந்தப் போனை என் கையில் வைத்தபோது, "எனக்கு இதத் தொறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. நீயே வச்சுக்க" என்றார். வைத்திருக்கிறேன். சார்ஜ் இறங்கினால் ஏற்றுகிறேன். ஏன் என்று என்னை நானே கேட்டதில்லை.

திரையில் நீ இழுத்த கோடு. அதன்மேல் விலை வந்து நின்றுகொண்டிருந்தது. அறிவிப்போடு நீ தட்டி வைத்திருந்த வரியும் வந்தது: "வந்துருச்சா? சும்மா பாரு. ஒண்ணும் செய்யாத."

பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

*

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: மலை ஏறாதே. அதை அக்கரப்பத்தனையில், மலைமேல் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவளிடம் சொன்னார்கள். தண்ணீர்ப் பீலி மேலே. கடை கீழே. கொழுந்து இரண்டுக்கும் நடுவில், நாலா பக்கமும்.

கொழும்புக்குப் போனால் துணிக்கடை. நாள் முழுக்க நிற்க வேண்டும். உன் அம்மாவுக்குத் தோட்டத்தில் ஓய்வு கொடுக்கும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் உழைக்க நீ மட்டும்தான்.

"ஒக்காந்து செய்யிற வேலை ஒண்ணு. அவ்வளவுதான் கேக்குறேன்" என்பாய். எதையோ பெரிதாகக் கேட்பவளைப் போலச் சிரித்துக்கொண்டு.

கொரோனாவால் கம்பஸ் மூடி, பாடங்கள் ஒன்லைனுக்குப் போன காலம் அது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நான் வீட்டுக்கு வந்திருந்தேன். தோட்டத்தில் நம் டிவிஷனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மட்டும். நான் விரிவுரை கேட்க வருவேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பாய். ஒருநாள் போனை என் பக்கம் திருப்பினாய். வீட்டிலிருந்தபடியே நாணயச் சந்தையில் சம்பாதிக்கலாம் என்று ஒருவர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால், வாடகைக்கு எடுத்து நிறுத்தியதுபோல் ஒரு பளபளக்கும் கார்.

"இதெல்லாம் ஏமாத்துடி" என்றேன்.

"ஏமாத்தா இல்லையான்னு பாக்கவாவது படிப்போமே. ஒக்காரு, கம்பஸ்."

அதுதான் எனக்கு நீ வைத்த பெயர். கடைசிவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

*

நாம் படித்தோம். உண்மையாகவே படித்தோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். செய்தி எனக்கு: எந்த நாட்டில் வட்டி ஏறுகிறது, எங்கே விலைவாசி அறிக்கை வருகிறது, அதனால் எந்த நாணயம் பலப்படும். படம் உனக்கு: விலை முன்பு எங்கே விழுந்து நின்றது, எங்கே முட்டித் திரும்பியது, அந்த இடங்களைத் தொட்டு ஒரு கோடு.

அந்தப் படத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு மெழுகுவர்த்தி. உடம்பு, மேலே ஒரு திரி, கீழே ஒரு திரி. நீளத் திரிக்கு வீடியோக்காரர் வெகுநேரம் விளக்கம் சொன்னார். நீ ஒரு வரியில் முடித்தாய்: "அதுவரைக்கும் போய்ப் பாத்துட்டு, பயந்து திரும்பி வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

லண்டன் சந்தை திறக்கும் நேரமும் நம் மடுவத்தில் மத்தியான நிறுவையும் ஏறக்குறைய ஒன்று. கூடை இறக்க வரும் அக்காமாருக்கு நாம் ஒரு காட்சி.

"அங்க பாருங்கடி, ரெண்டு தொரசானிகளும் போன்ல கொழுந்து எடுக்கிறாங்க."

"இன்னிக்கு எத்தன கிலோடி?"

"ஈரம் கழிச்சுட்டுச் சொல்றேன்க்கா" என்பாய் நீ.

மடுவம் அதிரும். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறுவையில் கழிப்பது அவர்களுக்குத் தினமும் எரிகிற விஷயம். சந்தையிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியைத் தரகர் எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்த நாளில், நீ அதற்கு வைத்த பெயரும் அதுதான். ஈரக் கழிவு. மழையே இல்லாமல் கழிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாய்.

*

பயிற்சிக் கணக்கில் விளையாட்டுப் பணம். அது கரைந்துகொண்டே போனது.

எனக்குப் புரியவில்லை. உன் கோடுகள் பெரும்பாலும் சரி. என் செய்திகளும் அவ்வளவு மோசமில்லை. எங்கே தவறுகிறோம் என்று பழைய வியாபாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாய். நான் தேநீர் வாங்கி வந்தேன். அது ஆறிப் போய் மேலே ஆடை கட்டிய பிறகுதான் தலையை நிமிர்த்தினாய்.

"கம்பஸ், நாம பேருக்கு வேல செஞ்சிருக்கோம்டி."

"என்ன?"

"பாரு. நல்ல எடம் வந்த அன்னிக்கும் எடுத்திருக்கோம். ஒண்ணுமே வராத அன்னிக்கும் எடுத்திருக்கோம். ஒருநாள் கூட சும்மா இருக்கல. ஏன்?"

நான் யோசிக்கும் முன்பே நீ சொன்னாய்.

"பெரட்டுக்குப் போற மாதிரி போயிருக்கோம்."

நமக்கு அது இரத்தத்தில் இருந்தது. விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். நின்றால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும். பேர் விழாத நாள் கணக்கிலேயே இல்லாத நாள். நம் அம்மாமார் காய்ச்சலோடு போனார்கள், வயிற்றில் பிள்ளையோடு போனார்கள். அந்தப் பிள்ளைகள் நாம். ஒன்றும் செய்யாமல் ஒருநாளைக் கடத்த நமக்கு யாரும் காட்டித் தரவில்லை. அதனால் சந்தை சும்மா கிடந்த நாட்களிலும் எதையாவது வாங்கினோம், எதையாவது விற்றோம். இல்லாவிட்டால் வேலைக்குப் போகாத குற்ற உணர்ச்சி.

"தோட்டத்துல கிலோ கொறஞ்சா அரைப்பேராவது போடுவாங்க" என்றாய். "பாதிச் சம்பளம். ஆனா வீட்ல இருந்து யாரும் காசு கொண்டு போய்க் குடுக்கிறதில்ல. இங்க நாள் பூரா வேல செஞ்சுட்டு, கையில இருந்ததையும் குடுத்துட்டு வரணும். அரைப்பேரே கெடையாதுடி இங்க."

நான் பொருளியல் படித்தவள். இடர், வருவாய், நிகழ்தகவு. எல்லாவற்றுக்கும் சூத்திரம் எழுதுவேன். ஆனாலும் ஒரு நாளைச் சும்மா விட என்னால் முடிந்ததில்லை. சந்தையில் மட்டுமில்லை. காதலில், படிப்பில், சண்டையில். அன்று மடுவத்தில் நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றேன். அதற்கு உனக்கு நன்றி சொன்னேனா? ஞாபகமில்லை. சொல்லியிருந்தால் நீ கேலி செய்திருப்பாய், அது ஞாபகம் இருந்திருக்கும்.

*

அதன்பிறகு சும்மா இருந்தே கணக்கை நிமிர்த்தினாய். வாரத்தில் ஓரிரு முறை மட்டும். எடுக்கும் முன்னால், தப்பானால் எவ்வளவு போகும், அதை நம்மால் தாங்க முடியுமா என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் போனைக் கவிழ்த்து வைப்பாய்.

பஜாரில் ரீலோட் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனுக்கு, நம் நானாவுக்கு, இது எப்படியோ தெரிந்துவிட்டது. ரூபா ஒவ்வொரு நாளும் விழுந்துகொண்டிருந்த நேரம். டேட்டா போடப் போன உன்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, டொலர் இன்னும் ஏறுமா? சாமான் எடுக்கிறதா வேணாமான்னு ஒரே யோசனையா இரிக்கி."

"தெரியாது நானா."

"அட, இவ்வளவு நாளா என்னத்த படிச்ச?"

"தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் நானா படிச்சேன். தெரியும்னு வர்றவங்கள்ட்ட கேட்டுறாதீங்க."

நானா சிரித்து, அன்றைய ரீலோடுக்கு மேல் ஒரு டொஃபியும் தந்தார்.

அப்படித் தெரியும் என்று ஒருவர் உன்னிடமும் வந்தார். போன் குழு ஒன்றில், எல்லோரும் 'சேர்' என்று அழைக்கும் ஆள். பணத்தைத் தாருங்கள், நான் பெருக்கித் தருகிறேன் என்றார். நீ ஒரே கேள்வி எழுதினாய்: "நஷ்டம் வந்த நாள்ல நீங்க என்ன செய்வீங்க சேர்?" எனக்கு நஷ்டம் வந்ததே இல்லை என்று பதில் வந்தது. குழுவை விட்டு வெளியேறினாய்.

வங்கியிலும் கேட்டுப் பார்த்தோம். இந்த மாதிரி வியாபாரத்துக்குக் கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதியில்லை என்று கவுண்டரில் இருந்த நோனா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நான் ஏமாற்றத்தோடு உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் பாரம் இறங்கியவளின் தெளிவு.

"நல்லதாப் போச்சு. நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன். இது சம்பளம் தர்ற வேல இல்ல. அம்மாவ இத நம்பி ஒக்கார வைக்க முடியாது."

"அப்ப படிச்சதெல்லாம்?"

"படிச்சத யாரு புடுங்க முடியும்?"

வெளிநாட்டில் இருக்கும் தமிழர் ஒருவர் நடத்தும் பாடத் தளம். ஆங்கிலத்தில் உள்ள பணப் பாடங்களைத் தமிழில் எழுத, வீடியோவுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளைப் போட ஆள் தேடினார்கள். மாதிரிக்கு நீ அனுப்பியது திரியைப் பற்றிய அந்த விளக்கம். போய்ப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பியவர்கள். ஆங்கிலத்தில் நீ தடுமாறும் இடங்களை நான் பார்த்துத் தந்தேன். அவர்கள் கேட்டது உன் தமிழை.

வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. எழுதுவது வீட்டில், அனுப்ப மட்டும் மடுவம்.

முதல் வருமானத்தில் முதுகு சாய்க்கும் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கினாய். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயம் வரை உன் அம்மா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். நீ பின்னால், மூன்று நான்கு இடங்களில் நின்று நின்று. "யாருக்கும்மா இது, தொரைக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம்மவளுக்கு. ஆபீஸ் தொறந்திருக்கா" என்று பதில் சொல்லிக்கொண்டே போனார். இறக்கி வைக்கச் சொன்னால் கேட்கவில்லை.

பிறகு கம்பஸ் திறந்தது. உன் கிளினிக் நாளில் நானும் திரும்பிப் போகும்படி வைத்துக்கொள்வேன். நானுஓயாவில் சேர்ந்து ரயில் ஏறுவோம். நீ மடியில் போனை வைத்து வரி தட்டிக்கொண்டே வருவாய். சுரங்கத்தில் சிக்னல் அறுந்தால் மட்டும் என்னைப் பார்ப்பாய்.

எனக்கும் அந்தத் தளத்தில் வேலை வாங்கித் தந்தது நீ. என் கடைசி வருடச் செலவு முழுவதும் அதில்தான் ஓடியது. இன்றும் அதில்தான் ஓடுகிறது.

*

வால்வு இன்னும் கெட்டது. ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

அதற்கு முதல் நாள், பார்வையாளர் நேரம். உன் அம்மா கட்டிலின் கால்மாட்டில். நான் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ சாதாரணமாக, சந்தையைப் பற்றிச் சொல்வதைப் போலவே ஆரம்பித்தாய்.

"டொக்டர்ட்ட எல்லாம் கேட்டுட்டேன். செய்யாம விட்டா எப்படிப் போகும், செஞ்சா எங்க தப்பாப் போகலாம். எல்லாத்தையும் சொன்னாரு. செய்யாம விட்டா நாளைக்கு நாற்காலியில இருந்தும் எழும்ப மாட்டேன். அதனால செய்யிறேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அது வேற, இது வேற." என் கையிலிருந்த பழத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாய். "நல்லா வந்தா, நான் கெட்டிக்காரின்னு சொல்லாத. வராமப் போனா, தப்புப் பண்ணிட்டேன்னும் சொல்லாத. இன்னிக்குத் தெரிஞ்சத வச்சுத்தான் இன்னிக்கு முடிவெடுக்க முடியும். சரியான முடிவும் தோத்துப் போகும், கம்பஸ். எத்தன தடவ பாத்திருக்கோம்."

பிறகு உடனேயே, "ரொம்பப் பேசுறேன்ல. போ, கன்டீன்ல வடை இருக்கான்னு பாரு. எனக்கில்ல, அம்மா காலையில இருந்து ஒண்ணும் திங்கல."

அம்மா பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பேசியது அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

ஒப்பரேஷன் முடிந்தது. கண் திறந்தாய் என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. எல்லோரும் முடிந்ததைச் செய்தார்கள். நீ திரும்பவில்லை.

*

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கத்தி வைக்க விட்டிருக்கக் கூடாது. இருந்தபடி இருந்திருப்பாள். நானும் உள்ளுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும்.

கருமாதி முடிந்த அன்று உன் அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கேட்டார்: "நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பால்ல? சொல்லாம விட்டுட்டேனே. நாந்தானே கொன்னுட்டேன்?"

 என் வாயில் உன் வார்த்தைதான் வந்தது.

"பெரியம்மா, அவ எல்லாத்தையும் கேட்டுத்தான் முடிவெடுத்தா. சரியான முடிவுதான் எடுத்தா. சரியான முடிவும் தோத்துப் போகும்னு அவளே சொன்னா. வராமப் போனா தப்புன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னா."



"அப்படியா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா."

"எங்க வச்சு?"

"ஒங்க முன்னாலதான். வார்டுல. நீங்க பழத்தைக் கையில வச்சிருந்தீங்க."

சொல்லும்போதுதான் எனக்கே அது விளங்கியது. நீ இல்லாமல் போனதால் உன் முடிவு தப்பாகிவிடவில்லை. அதுவரை உன்மேல் எனக்கிருந்த கோபம், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல வெளியே போனது.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் உன் அம்மா அதைக் கேட்கிறார். சில நாள் வாசலிலேயே. சில நாள் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து. "அவ என்ன சொன்னா, திரும்பச் சொல்லு." நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்கிறேன். வடை வரைக்கும். வடையில் மட்டும் அவர் சிரிக்கிறார்.

நாளைக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். கேட்பார். சொல்வேன்.