வெங்காயத் தோல் மாத்திரை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

வாதம் வந்ததிலிருந்து அம்மாவின் இடது பக்கம் இன்னும் வசத்துக்கு வரவில்லை. தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு நான் நிமிர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. பள்ளி நூலகத்தில் என் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

பத்திரிகையில் உன் படம் வந்ததே, வெங்காயத் தோலில் ஏதோ ஒரு சத்து, ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று. அம்மா அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "எம்பையன் கண்டுபிடிச்ச மருந்து" என்கிறாள். "எனக்கும் அத வரவழைச்சுக் குடு" என்று தினமும் நச்சரிப்பு. கொடுக்கலாமா? எனக்குப் படித்துப் பார்க்கத் தெம்பில்லை. நீயே சொல்.

அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

அது நான் கண்டுபிடித்ததல்ல என்று அம்மாவிடம் சொல். அதன் பெயர் குவெர்செடின். செடிகளில் இருக்கிற ஃபிளேவனாய்டு என்ற சத்து வகை. நாம் குப்பையில் போடுகிற வெங்காயத் தோலில்தான் அதிகம். எங்கள் ஆய்வக எலிகளுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது, வீக்கமும் தணிந்தது. மனிதர்களிடம் பலன் சிறியதுதான். ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆனாலும் சாப்பாட்டில் இருக்கிற பொருள், கெடுதல் வராது. ஒரு புட்டி மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடு.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. ஆய்வறிக்கை கழுத்தைப் பிடிக்கிறது. ஊருக்கு வர இந்த வருடமும் தோதுப்படாது.

தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பல் ஈறில் ரத்தம் கசிந்தது. பிடித்துத் தூக்கினால் பிடித்த இடமெல்லாம் கருநீலம். நான்தான் அலுப்பில் முரட்டுத்தனமாகத் தூக்குகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

டாக்டரம்மா "புதுசா ஏதாவது குடுக்கறீங்களா?" என்று கேட்டார். புட்டியைக் காட்டினேன். ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடுகிற மாத்திரையின் வேகத்தை அது கூட்டியிருக்கலாம் என்றார். "இத யாரு குடுக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "இவதான். எதையாவது வாங்கிட்டு வந்து வாயில போடுவா."

உன் பெயர் கெட்டுவிடக் கூடாதாம்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். உன் எலிகள் என்ன தின்கின்றன என்று உனக்குத் தெரியும். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அக்கா

மார்ச் 4

அக்கா,

கேட்டிருக்க வேண்டும். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை அது. அம்மா என்பதால் மறந்தேனா, அவசரத்தில் மறந்தேனா, தெரியவில்லை.

அறிக்கையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். நான் வந்ததும் நீ கொஞ்ச நாள் ஓய்வெடுக்க உன் சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பு.

தம்பி

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ரத்தப் பரிசோதனை இப்போது சரியாக இருக்கிறது. அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை.

அவளைப் புரட்டிப் படுக்கவைத்தபடியே விரிப்பை மாற்றுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அவளும் வலியில் முனகுகிறாள். நீ எப்படித் தனியாகச் செய்தாய் என்று கேட்க வாய் வருகிறது, கேட்க முகமில்லை. விடுப்பை நீட்டித் தரக் கேட்டிருக்கிறேன். ஆய்வகத்தில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இன்று கஞ்சி ஊட்டும்போது அம்மா வாயைத் திறந்தாள்.

"அவ அங்க நல்லா தூங்குறாளா?"

"தெரியலம்மா."

"எழுதிக் கேளு." கொஞ்சம் பொறுத்து, "எப்ப வருவாள்னும் கேளு" என்றாள்.

முதலாவதை இதோ கேட்டுவிட்டேன். இரண்டாவதைக் கேட்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நீ தூங்கு, அக்கா.

தம்பி