ஈக்கு மருந்து பழகவில்லை

அன்பு மகள் சௌந்தர்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் ஊர்க் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று போன வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டு மலையேறி வேண்டிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில், ஆராய்ச்சிக்கு வளர்த்த ஈயெல்லாம் பெட்டியில் சூடு ஏறிச் செத்துப்போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும், விட்டுட்டு வந்துரட்டுமாம்மா என்று கேட்டாயே, அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் வா என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

நம் கோழிப்பண்ணை ஈ மொய்த்ததால் பக்கத்துத் தோட்டத்துக் கந்தவேல் மாமா சோற்றுத் தட்டோடு வந்து நின்று சண்டை போட்டது உனக்குத் தெரியும். அப்பா ஈ மருந்தை இரண்டு மடங்காக்கி அடித்தும் ஒன்றும் ஆகவில்லை, ஈக்கு மருந்து பழகிப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீதான் சொன்னாய், எந்த ஈயும் பழகவில்லை, ஆயிரத்தில் ஒன்றிரண்டு அந்த மருந்தைத் தாங்கும் உடம்போடேயே பிறந்திருக்கும், மற்றதையெல்லாம் நாம் கொன்றுவிட்டால் தப்பித்ததுதான் முட்டையிடும், அதன் பிள்ளைகளுக்கும் அதே உடம்பு, நாளாக நாளாக அந்த வம்சமே நிறைந்துவிடும் என்று. காட்டுக்கோழி நம் கூண்டுக்கோழி ஆனதும் அப்படித்தான், அதிகம் முட்டையிடுவதையே மனுசர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் அதற்கு அடைகாக்கிற புத்தியே போய்விட்டது என்றாய். இத்தனை வருசம் தீவனம் போட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது கூண்டுப் பக்கம் போனாலே பிரமிப்பாக இருக்கிறது, இதையெல்லாம் நான் பெற்றவள் சொல்கிறாள் என்று பெருமையாகவும் இருக்கிறது.

அப்பா அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார், மகள் பேச்சைக் கேட்டால் மீசை இறங்கிவிடும் அல்லவா. ஆனால் மறுநாளே மருந்தை நிறுத்திவிட்டு, நீ சொன்னபடி கூண்டுக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிற இடத்தையெல்லாம் அடைத்தார். எரு காய்ந்தது, ஈ முட்டையைத் தின்கிற பொடிவண்டு பெருகியது, ஈ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கந்தவேல் மாமா காப்பி குடிக்க வந்தபோது அப்பா அவரிடம், அது பழகலீங்க மச்சான், தப்பிச்சது பெத்த வம்சமுங்க, எங்க பாப்பா அங்க அதைத்தான் ஆராய்ச்சி பண்ணுது என்றார். ஈ ஓட்டுறதுக்கா அவ்வளவு தூரம் போறா என்று உன்னைப் பற்றி என்னிடம் கேட்ட அதே அப்பாதான்.

வந்துவிடட்டுமா என்று நீ கேட்டதை அப்பாவிடம் சொன்னேன், சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். ரெண்டு தடவை நோய் வந்து கோழி முழுக்கப் போயும் நாம கொட்டாயைப் பூட்டலையே, மறுக்கா வளக்கச் சொல்லு, பாதியில வரவேண்டாம்னு சொல்லு என்றார். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் தினமும் இருக்கிறது. இருந்தாலும் இப்போது வராதே சாமி, முடித்துவிட்டு வா.

மனம் தளராமல், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இந்த வாரம் எனக்குப் போட வேண்டாம், அப்பாவுக்கே போன் போடு, புது ஈ பொரித்துவிட்டதா என்று என்னைத்தான் நச்சரிக்கிறார்.

உன் அம்மா,
சாரதாமணி மருதாசலம்